பதினொரு சனிக்கிழமைகள்

மே 6

அன்புள்ள அத்தானுக்கு,

"அன்புள்ள" என்பது கடிதத்தின் உறை மாதிரி. உள்ளே இருக்கும் சரக்குக்கு அது பொறுப்பில்லை.

நான் நலம். அக்காவும் நலம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நேற்று இரண்டாவது ஊசி போட்டார்கள். கண்ணுக்குள் ஊசி என்று எழுதும்போதே எனக்குக் கால் கூசுகிறது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே வந்ததும், எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்றாள். அந்த எறும்பு என் மணிக்கட்டில் நாலு நகக்குறி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வலது கண்ணில் நடுப்பார்வை போனது போனதுதான் என்று இங்குள்ள டாக்டரும் சொல்லிவிட்டார். இடது கண்ணில் கசிவு ஆரம்பித்தபோதே பிடித்துவிட்டதால் அது பிழைக்கலாம். அதற்குத்தான் இந்த ஊசிகள். இன்னும் ஒன்று பாக்கி. அதன் பிறகு நீங்கள் படம் எடுக்கிற கண் ஆஸ்பத்திரிக்கு வந்து பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதுவரை அக்காவுக்கு எழுத்தெல்லாம் மங்கல். ஆகவே இந்த வீட்டின் ஆஸ்தான வாசகி நான். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம், உங்கள் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் படித்துக் காட்டுகிறேன். அவள் சொல்லச் சொல்ல உங்களுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். சம்பளம் கிடையாது.

நான் ஏன் போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். என் போன் பீரோவில் சிறைவாசம். குற்றம் இதுதான்: எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில், "நாளை காலை சுகாதாரச் சோதனை, ஒவ்வொரு வீட்டாரும் இடது செருப்பை மட்டும் வாசலில் வைக்கவும்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். மறுநாள் காலை முப்பத்திரண்டு வாசலிலும் முப்பத்திரண்டு வகை இடது செருப்பு. நாலாம் மாடி வக்கீல் மட்டும் அதற்கு ரசீது கேட்டாராம்.

என் காரணம் அது. உங்கள் காரணம் என்ன? முன்பெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று தடவை அக்காவுக்குப் போன் வரும். இப்போது வாரம் ஒரு கடிதம். வேலை நேரத்தில் போன் கூடாதாம், சாயங்காலம் களைப்பாம். அக்காவும் ரோஷக்காரி. அவராகப் பண்ணட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். அங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவளை இங்கே கொண்டுவந்து விட்டு ஐந்து வாரம் ஆகிறது. நீங்கள் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வேன் என்று கல்யாணத்தன்று அம்மாவிடம் சொன்னீர்கள். கண்ணைப் பார்த்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. கருத்தைத்தான் காணோம். இதற்குத் தண்டனை உண்டு. என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மச்சினி,
வாலு


மே 12

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிரிப்பதற்காக ஒரு தடவை, சுருக்கென்றதற்காக ஒரு தடவை. வராதது என் தப்புதான். புதுக் கட்டிடத்தை ஜூன் இருபதாம் தேதி திறக்கிறார்கள். அதுவரை எனக்கு மூச்சு விட நேரமில்லை.

உன் அக்காவிடம் இன்னும் சொல்லாத ஒரு சேதியை உனக்குச் சொல்கிறேன். புதுக் கட்டிடத்தின் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க ஒரே ஒரு படம் மாட்டப் போகிறார்கள். பெரிய டாக்டர் இருநூறு படங்களைப் புரட்டிவிட்டு ஒன்றின்மேல் விரலை வைத்தார். அது நான் எடுத்தது. உன் அக்காவின் வலது கண், நோய் வருவதற்கு முன்னால் எடுத்த படம். கதவைவிட உயரமாக, பத்தடி அகலத்தில் வரப்போகிறது.

கல்யாண வீடுகளை விட்டுவிட்டு இந்த இருட்டறையில் போய் உட்கார்ந்திருக்கிறாரே என்று உன் அம்மா அடிக்கடி கேட்பார்கள். பன்னிரண்டு வருடம் நான் மணமக்களைப் படம் எடுத்தவன். தாடையை இறக்குங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க, இங்கே பாருங்க. எல்லோரும் கேமராவுக்கென்று ஒரு முகத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். அதில் இருக்கும் பருவையும் தழும்பையும் ராவோடு ராவாக எடுத்துவிடுவது என் வேலை. இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள் ஒரு பஸ் கண்டக்டர் வந்து கேமராவின் முன் தாடையை வைத்தார். சொட்டு மருந்தில் அவர் கண்மணி விரிந்திருந்தது. விளக்கு ஒரு கணம் மின்னியது. திரையில் வந்த விழித்திரையை, கண்ணின் உள்சுவரைப் பார்த்து என் கை நின்றுவிட்டது. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வானம். ஓர் ஓரத்தில் வெளிறிய வட்டம், நரம்பு உள்ளே நுழையும் இடம். அதிலிருந்து ஆறுகள் மாதிரி ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து, கிளையில் கிளை பிரிந்து, கடைசியில் முடியைவிட மெல்லிசாகி மறைந்தன. நடுவில் மட்டும் கொஞ்சம் நிழல். நாம் உற்றுப் பார்ப்பதெல்லாம் அந்த நிழலில்தான் போய் விழுகிறது. அந்தக் கண்டக்டர் நாற்பது வருடம் அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்திருக்கிறார், ஒரு நாளும் பார்த்ததில்லை. அங்கே யாராலும் போஸ் கொடுக்க முடியாது, வாலு. அன்றிலிருந்து முகங்கள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன.

டிசம்பரில் புதுக் கேமரா வந்தது. அதைப் பழகிக்கொள்ள உன் அக்காவைச் சனிக்கிழமைதோறும் உட்கார வைத்து எடுத்தேன். அந்தப் படங்களில் ஒன்றுதான் இது.

இப்போது ஓர் உதவி. அவள் பெட்டியில், பழைய கம்ப்யூட்டர் பையின் உள்ளறையில், கறுப்பு நிற ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். சுவர் அளவுக்கு அச்சிட அதில் இருக்கும் பெரிய கோப்பு வேண்டும். பத்திரமாகச் சுற்றி அனுப்பு. திறந்து பார்க்காதே, ஏதாவது அழிந்துவிடும்.

உன் அக்காவுக்கு ஒரு கடிதம் இத்துடன் இருக்கிறது. நிதானமாகப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அத்தான்


மே 19

அத்தானுக்கு,

திறந்து பார்க்காதே என்று எனக்கு எழுதுகிறீர்களே, என்னை உங்களுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்?

திறந்தேன். நோக்கம் உன்னதமானது: நீங்கள் எடுத்த எல்லாப் படங்களுக்கும் மீசை வரைந்து அனுப்புவது. அதுதான் நான் யோசித்து வைத்திருந்த தண்டனை. கல்யாணப் படங்கள் அதில் இல்லை. முழுக்க முழுக்கக் கண்கள். கண்ணுக்கு எங்கே மீசை வரைவது என்று தேடிக்கொண்டே போனபோது மூன்று போல்டர்கள் கிடைத்தன. "தேர்வு" என்று ஒன்று, "சுவர்" என்று ஒன்று, "கழிவு" என்று ஒன்று. மூன்றில் எதை முதலில் திறப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

கழிவில் பதினொரு படங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி. எல்லாம் சனிக்கிழமை, எல்லாம் அக்காவின் வலது கண். அந்தப் பதினொன்றும் "தேர்வு"க்குள்ளும் இருந்தன, அதே தேதி, அதே கண். ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டில் நான் கெட்டிக்காரி. இதில் இருந்தது ஒரே ஒரு வித்தியாசம். கழிவில் இருக்கும் படங்களில், நடுநிழலுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. தேர்வில் அந்தப் பொட்டு இல்லை. மணப்பெண் கன்னத்துப் பருவை எடுக்கிற மாதிரி வழுவழுவென்று எடுத்திருக்கிறீர்கள்.

முதலில் நான் உங்கள் கட்சியில்தான் இருந்தேன். புதுக் கேமரா, கண்ணாடியில் தூசு ஒட்டியிருக்கும், தொழில் தெரிந்தவர் துடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அக்கா ஒரு வாரம் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்திருக்கிறாள், ஒரு வாரம் கொஞ்சம் மேலே. பொட்டும் அவளோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. எந்தப் படத்திலும் அது ஒரே ரத்தக் குழாயின் ஒரே கிளைக்குக் கீழேதான் இருக்கிறது. தூசாக இருந்தால் அதன் விலாசம் கேமரா. இதன் விலாசம் அக்கா. அதே சனிக்கிழமை, அதே கேமராவில், அவள் இடது கண்ணையும் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் படங்களில் தூசு எங்கே போயிற்று? லீவா?

முதல் படத்தில் பொட்டு கடுகளவு. பதினோராவது படத்தில் அது சட்டைப் பொத்தான்.

அக்காவிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் பேச்சுக் கொடுத்தேன். ஜனவரியில் கதவு நிலை வளைந்து தெரிகிறது என்று உங்களிடம் சொன்னாளாம். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்றீர்களாம். திரும்பவும் சொன்னபோது, ஆஸ்பத்திரி நடையில் பெரிய டாக்டரை நிறுத்தி ஒரு படத்தைக் காட்டினீர்களாம். "அவரே பாத்துட்டு, சுத்தமா இருக்குன்னு சொன்னார்டி. அப்புறம் நாம என்ன பண்ண முடியும், எல்லாம் திடீர்னு வந்ததுதானே" என்றாள். சுத்தமாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் துடைத்த படமாயிற்றே. கண்துடைப்பு என்ற வார்த்தையை இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்து காட்டியதில்லை.

மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கண்ணையும் பிடித்திருக்கலாம் என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். அன்று அக்கா ராத்திரி சாப்பிடவில்லை. இன்னும் கொஞ்சம் அடம் பிடித்துச் சொல்லியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். தன்னை, அத்தான். உங்களை இல்லை.

இத்துடன் டிஸ்க் வருகிறது. மீசை வரையவில்லை. பதினொரு படங்களையும் படி எடுத்து வைத்துக்கொண்டேன். ஜூன் இருபதுக்குள் நீங்களே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திறப்பு விழா அன்று காலை பதினொரு படங்களும் பெரிய டாக்டரின் மேசையில் இருக்கும்.

வாலு


மே 27

வாலு,

உன் கடிதம் வந்தது. நீ கண்டுபிடித்தது சரி. நீ அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் சரியில்லை.

சத்தியமாகத் தூசு என்றுதான் நினைத்தேன். கேமரா கம்பெனிக்காரனை வரவழைத்துக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னேன். துடைத்தும் போகவில்லை என்றதும் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் பழகிய கை. ஒரு படத்தில் புள்ளியைப் பார்த்தால் மூளையைக் கேட்காமலே என் விரல் போய்விடும். நடையில் டாக்டரிடம் நீட்டியது, அந்த வாரம் எடுத்ததில் மிக அழகாக வந்த படம். அழகாக வந்ததைத்தானே யாரும் நீட்டுவார்கள்? மார்ச்சில் அவர் அவளைப் பரிசோதித்துவிட்டு, அந்தப் பொட்டு இருந்த இடத்தை விரலால் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. பழைய படங்களைக் கேட்டார். தேர்வில் இருந்ததைக் கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறு எதையும் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

உன் அக்காவிடம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இப்போது வேண்டாம். மூன்றாவது ஊசி முடியட்டும், திறப்பு விழா முடியட்டும். மனசு கலங்கினால் உடம்பைப் பாதிக்கும். நீ சின்னப் பெண். வீட்டு விஷயத்தில் எதை எப்போது சொல்வது என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. அவள் கடிதங்கள் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கின்றன. போன வாரம், "வர வேண்டிய அவசரமில்லை" என்று எழுதியிருந்தாள். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. நீ ஏதாவது சொல்லிவிட்டாயா?

அத்தான்


ஜூன் 9

அத்தானுக்கு,

நான் எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த வேலை.

உங்கள் கை மாதிரியே எனக்கும் கை பழகிவிட்டது. இந்த மூன்று வாரத்தில் அக்காவுக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள் நாலு. நாலையும் படித்துக் காட்டினேன். அங்கங்கே தூசு இருந்தது, தட்டிவிட்டேன். "உன் சீப்பு கண்ணாடி முன்னால் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது, நகர்த்த மனசு வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அது ஒரு புள்ளி. எடுத்துவிட்டு, "இங்கே மழை, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது" என்று வாசித்தேன். அவளைக் கொஞ்சிக் கூப்பிடும் அந்தப் பெயரை நாலு கடிதத்திலிருந்தும் துடைத்துவிட்டேன். முன்பு நீங்கள் எழுதும் கடிதம் படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். இப்போது வானிலை அறிக்கை மாதிரி ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. படம் சுத்தமாக இருக்கிறது, அத்தான். நீங்களே பாராட்டுவீர்கள்.

அவள் சொல்லி நான் எழுதிய பதில்களுக்கும் அதே மரியாதைதான். "கதவு சத்தம் கேட்டா நீங்கதான்னு நினைச்சு எழுந்திரிக்கிறேன், எப்ப வர்றீங்க" என்று சொன்னாள். நான் எழுதியது, வர வேண்டிய அவசரமில்லை. பிசிறே இல்லை, பாருங்கள்.

நிஜமான வரிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவள் சொன்னதை முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். உங்கள் நாலு கடிதமும் அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. மேலே என்ன பெயர் எழுதியிருக்கிறேன் தெரியுமா? கழிவு.

எரிகிறதா? எரியட்டும். நீங்கள் நேசிக்கிற ஒருத்தியைப் பற்றிய உண்மையை வேறு ஒருத்தர் உட்கார்ந்து அழகுபடுத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இதை நீங்கள் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடலாம். ஒரு போன் போதும். ஆனால் பண்ண மாட்டீர்கள். பொய் காகிதத்தில் நிற்கும், உங்கள் குரலில் நிற்காது. அக்கா உங்கள் "ஹலோ"வை வைத்தே சளி பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்கிறவள்.

எனக்கு ஜாலியாக இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. முதல் இரண்டு தடவை இருந்தது. முன்பு ஒவ்வொரு கடிதத்தையும் திரும்பப் படிக்கச் சொல்வாள். போன கடிதத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. மடிச்சு வைச்சிடு என்றாள். அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு எதை எப்போது சொல்வது என்று தெரியுமாமே. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதிலும் பதினொன்றுதான், கவனித்தீர்களா?

வாலு


ஜூன் 16

வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் உன் அக்கா நம்பருக்குப் போன் பண்ணினேன். உன் அம்மா குரல் கேட்டது. வைத்துவிட்டேன்.

உன்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று. நான் செய்தது தெரியாமல் செய்தது. நீ செய்தது தெரிந்தே செய்தது. இதை நீ என்றைக்காவது உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

சுவர்ப் படம் நேற்று வந்துவிட்டது. நாலு பேர் ஏணி வைத்து மாட்டினார்கள். கீழே நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிதாக அதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு குழாயும் என் கை தடிமன். பொட்டு இருந்த இடத்தில் நான் தடவிய நிறத்தை மற்றவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கு மட்டும் அது மட்டுமே தெரிந்தது. டாக்டர் என் தோளைத் தட்டினார்.

உன் அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. இதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. உன்னைக் கேட்டுக்கொள்கிறேன், அப்படியே படி.

அத்தான்


ஜூன் 19

அத்தானுக்கு,

அப்படியே படித்தேன். கமா, புள்ளி எதையும் விடவில்லை. முடிந்துபோன மழையைப் பற்றி நீங்கள் எழுதிய முதல் பத்தியையும் விடவில்லை.

ஆனால் நீங்கள் திருந்தவே மாட்டீர்கள் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "ஆரம்பத்தில் இரண்டு மூன்று படங்களில் தூசு என்று தவறாக நினைத்து நீக்கிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொன்று எப்போது மூன்றாயிற்று? நடையில் டாக்டரிடம் படத்தைக் காட்டியது அந்தக் கடிதத்தில் இல்லவே இல்லை. மார்ச்சில் தேர்வுப் படங்களை எடுத்துக் கொடுத்ததும் இல்லை. எனக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது, அவளுக்கு எழுதியதில் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தையும் தடவி, வழவழப்பாக்கி அனுப்பியிருக்கிறீர்கள்.

படித்து முடித்தேன். அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். அப்புறம் அக்கா கேட்டாள், "மூணா?"

நான் உள்ளே போய் பதினொரு தேதிகளையும் எழுதிய தாளைக் கொண்டுவந்து படித்தேன். ஒவ்வொரு தேதிக்கும் தலையை ஆட்டினாள். அந்தச் சனிக்கிழமை என்ன உடுத்தியிருந்தாள், வரும் வழியில் எங்கே டீ குடித்தீர்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஐந்தாவது தேதியைப் படித்ததும் என்னை நிறுத்தினாள். கதவு நிலை வளைகிறது என்று அவள் சொன்னது அந்த வாரமாம். டாக்டரிடம் நீங்கள் படத்தைக் காட்டியது ஏழாவது. அதற்குப் பிறகும் நாலு சனிக்கிழமை அவளை உட்கார வைத்து, நாலு தடவை துடைத்திருக்கிறீர்கள்.

பதினோராவது தேதியைப் படித்த பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அந்தச் சனிக்கிழமை எல்லாம் ரொம்பப் பிடிச்சிருந்ததுடி. மத்த நாள்ல அவர் என் முகத்தையே பாக்க மாட்டார். அந்த ஒரு மணி நேரம் என்னையே பாத்துக்கிட்டிருக்கார்னு நினைச்சேன்."

அதைக் கேட்ட பிறகு என் நோட்டை ஒளித்து வைக்க என்னால் முடியவில்லை. எடுத்துவந்து, உங்கள் நாலு கடிதத்தையும் உள்ளபடி படித்தேன். சீப்பு வந்தது, அந்தப் பெயர் வந்தது. அவள் சொல்லி நான் மாற்றிய நாலு பதிலையும் படித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மாகூடக் கையை ஓங்கிவிட்டாள். அக்கா அம்மாவைத் தடுத்துவிட்டு, பால் வாங்கி வரச் சொல்கிற அதே குரலில், "அவர் பதினொண்ணு, நீ எட்டு. இனிமே எனக்கு நீ எதையும் படிக்க வேண்டாம்" என்றாள்.

நோட்டை வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி படியிறங்கிக் கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவிடம் போய்விட்டாள். நான் படித்தது சரிதானா என்று அந்த அம்மாவைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாளாம். என் வாசகி உத்தியோகம் போய்விட்டது. மருந்துச் சீட்டைக்கூட நீட்ட மாட்டேன் என்கிறாள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் கடுகளவும் குறையவில்லை. அந்தக் கோபத்தில் இப்போது நானும் பங்காளியாகிவிட்டேன் என்பதுதான் தாங்க முடியவில்லை. தெரிந்தே செய்தேன் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி மட்டும் உங்கள் எல்லாக் கடிதத்திலும் உண்மை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஏழாவது சனிக்கிழமைக்குப் பிறகு உங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

படங்களை நான் டாக்டருக்கு அனுப்பவில்லை. அக்கா அந்தப் பதினொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குச் சொல்லவில்லை. நாளைக் காலை யாருக்கோ போன் பேச வேண்டும், நம்பரை அழுத்தித் தா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாலு


ஜூன் 24

உங்களுக்கு,

இதை நானே எழுதுகிறேன். தடித்த பேனாவில், பெரிய எழுத்தில். ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் வருகிறது. கோடு மேலும் கீழும் போகும். ஓர் எழுத்தை நேராகப் பார்த்தால் அது காணாமல் போய்விடுகிறது. பக்கத்தில் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். நாலு நாள் ஆயிற்று.

வாலு இதைப் பார்க்கவில்லை. உங்களிடமிருந்து இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

சாயங்காலம் திறப்பு விழாவில் அந்தச் சுவர் காலியாக இருந்ததற்குக் காரணம் நான். அன்று காலையில் பெரிய டாக்டரிடம் பேசினேன். கீழ்வீட்டு அம்மாவின் உதவியால் படங்கள் மெயிலில் மதியத்துக்குள் அவருக்குப் போய்விட்டன. அவரே திரும்பக் கூப்பிட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நடையில் நின்று ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். நீங்கள் கேட்காததை அவர் கேட்டார்.

உங்களை வேலையை விட்டு நீக்குவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சுவரைத் தினமும் கடந்து போக நீங்கள் வேண்டும்.

அங்கே பதினோராவது படம் வரப் போகிறது. நீங்கள் தொடாத படம். அதே அளவு, கதவைவிட உயரம், பத்தடி அகலம். அச்சுக்கு அனுப்பும் வேலையை உங்களிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கீழே ஒரே வரி இருக்கும்: "கதவு நிலை வளைந்து தெரிந்தால் அன்றைக்கே வந்து சொல்லுங்கள்." அதற்குக் கீழே, படம் எடுத்தவர் என்று உங்கள் பெயர். என் பெயர் வேண்டாம்.

ஜூலை பத்தாம் தேதி நான் பரிசோதனைக்கு வருகிறேன். அம்மா கூட வருவாள். அன்று நீங்கள் உங்கள் அறையை விட்டு வெளியே வர வேண்டாம். வரவேற்பறை வழியாகத்தான் போவேன். நேராகப் பார்த்தால் அந்தப் படத்தின் நடுப்பாகம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்று, முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

பொட்டு இருக்கிறதா என்று மட்டும்.